மிடில்செக்ஸ் கவுண்டியின் கல்லறைகளில் யார் யார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாஸ்டன் பக்கம் வேலைக்கு வந்த தமிழர்கள் நிறையப் பேர் குடியிருப்பது பாஸ்டனுக்குள் அல்ல. ஆக்டன், வெஸ்ட்ஃபோர்டு, லெக்சிங்டன், பர்லிங்டன், ஃப்ராமிங்ஹாம் என்று சுற்றியுள்ள ஊர்களில்தான். அத்தனையும் மிடில்செக்ஸ் கவுண்டி. ஆஷ்லாண்ட் லட்சுமி கோயிலும் இதற்குள்தான் வருகிறது. வார இறுதியில் எங்கே போகலாம் என்ற பேச்சு வரும்போது இங்குள்ள கல்லறைத் தோட்டங்களைச் சொன்னால் முதலில் ஒரு முகச்சுளிப்பு வரும், அப்புறம் கேள்விகள் வரும். அந்தக் கேள்விகளும் பதில்களும் இங்கே.

இது எந்த மிடில்செக்ஸ்? எடிசன் நகரம் இருக்கும் மிடில்செக்ஸா?

இல்லை. எடிசன் இருப்பது நியூ ஜெர்சியின் மிடில்செக்ஸ் கவுண்டியில். இங்கிலாந்திலும் ஒரு மிடில்செக்ஸ் கவுண்டி 1965 வரை இருந்தது. மற்றவை அதிலிருந்து பெயர் எடுத்தவை. நாம் பேசுவது மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மிடில்செக்ஸ். 1643இல் ஏற்பட்டது, 54 ஊர்கள், 2020 கணக்கெடுப்பின்படி 16 லட்சத்துக்கு மேல் மக்கள். நியூ இங்கிலாந்தில் மக்கள்தொகையில் பெரிய கவுண்டி இதுதான். கேம்பிரிட்ஜ், லோவெல், கான்கார்டு மூன்றும் இதற்குள் அடக்கம். எழுத்தாளர்கள் இத்தனை பேர் இங்கே அடங்கியிருப்பதற்கு அதுவே காரணம்.

கவுண்டி அலுவலகத்தில் கேட்டால் பட்டியல் கிடைக்குமா?

கிடைக்காது, ஏனென்றால் கேட்பதற்கு அலுவலகமே இல்லை. மிடில்செக்ஸ் கவுண்டி நிர்வாகத்தை மாநில அரசு 1997இல் கலைத்துவிட்டது. ஷெரிப்பும் பத்திரப் பதிவும் மிச்சம். மற்றபடி கவுண்டி என்பது வரைபடத்தில் ஒரு கோடு. கல்லறைகளைப் பார்த்துக்கொள்வது அந்தந்த ஊர் நிர்வாகம், அல்லது தேவாலயம், அல்லது கேம்பிரிட்ஜ் பக்கம் இருக்கும் மவுண்ட் ஆபர்ன் கல்லறை போல லாப நோக்கில்லாத அமைப்பு. ஆகவே யாரைத் தேடினாலும் முதலில் எந்த ஊர் என்று கண்டுபிடியுங்கள், பிறகு அந்த ஊரின் கல்லறைப் பிரிவைக் கேளுங்கள்.

கல்லறைக்குச் சுற்றிப் பார்க்கப் போவதா? வீட்டில் பெரியவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்களே?

எல்லாப் பெரியவர்களும் அப்படி இல்லை. ஆனாலும் கூட்டிக்கொண்டு போய் வாசலில் இறக்கிவிட்டு "இது மயானம்" என்று சொல்லாதீர்கள், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வீட்டுக்குத் திரும்பியதும் குளிப்பதா வேண்டாமா என்பது அவரவர் வழக்கம்.

இங்குள்ளவர்களுக்கு இது விசித்திரமான பழக்கமே இல்லை. 1831இல் மவுண்ட் ஆபர்ன் தொடங்கியபோதே, செத்தவர்களைப் புதைக்கவும் உயிரோடு இருப்பவர்கள் உலாவவும் சேர்த்துத்தான் திட்டம் போட்டார்கள். தோட்டக்கலைச் சங்கமும் ஜேக்கப் பிகலோ என்ற மருத்துவரும் முன்னின்று செய்த வேலை அது. அதுவரை ஊருக்கு நடுவே தேவாலயத்தை ஒட்டி நெருக்கியடித்துப் புதைத்துவந்தார்கள். குன்றும் குளமும் மரமும் சேர்ந்த இடத்தில் கல்லறை அமைத்தது அமெரிக்காவில் இதுவே முதல் முறை. பொதுப் பூங்காக்கள் வருவதற்கு முந்தைய காலம், கூட்டம் அலைமோதியிருக்கிறது. இன்றும் மே மாதத்தில் அங்கே போனால் கல்லறை பார்க்க வந்தவர்களைவிட தொலைநோக்கியோடு பறவை பார்க்க வந்தவர்களே அதிகம்.

ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது. எதற்குப் போகலாம்?

கான்கார்டில் இருக்கும் ஸ்லீப்பி ஹாலோ கல்லறைக்கு. பெரியது மவுண்ட் ஆபர்ன்தான், ஆனால் அங்கே ஒருவரிலிருந்து இன்னொருவருக்கு நடந்தே கால் ஓய்ந்துவிடும். கான்கார்டில் ஒரு சின்ன மேட்டின் மேல் தோரோ, எமர்சன், ஹாதார்ன், லூயிசா மே ஆல்காட் என்ற 19ஆம் நூற்றாண்டு எழுத்தாளர்கள் நால்வரும் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்கள். அந்த மேட்டுக்கு எழுத்தாளர் மேடு என்றே பெயர். கார் நிறுத்தக் கீழே இடம் உண்டு. பைன் மரங்களுக்கு இடையே ஒரு சரிவு ஏறினால் போதும்.

உயிரோடு இருக்கும்போதும் இவர்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் வந்தவர்கள்தான். வால்டன் குளக்கரையில் தோரோ குடிசை போட்ட நிலம் எமர்சனுடையது. 1855 செப்டம்பரில் இந்தக் கல்லறையைத் திறந்துவைத்துப் பேசியதும் எமர்சன்தான். அவருடைய மூத்த மகன் வால்டோ 1842இல் ஐந்து வயதில் ஸ்கார்லட் காய்ச்சலில் இறந்துபோனான். புதிய கல்லறைக்கு அவனை 1857இல் மாற்றியபோது எமர்சன் சவப்பெட்டியைத் திறந்து உள்ளே பார்த்திருக்கிறார். நாட்குறிப்பில் அதை ஒரே வரியில் எழுதி நிறுத்திக்கொண்டார். என்ன பார்த்தார் என்று எழுதவில்லை.

எமர்சனின் கல்லைத் தேட வேண்டியதே இல்லை. செதுக்காத பெரிய ரோஜா நிறப் படிகப் பாறை, அதில் பதித்த வெண்கலத் தகடு. மேட்டில் கொஞ்சம் ஆடம்பரம் என்றால் இது ஒன்றுதான்.

தோரோவின் கல் அதற்கு நேர் எதிர். குடும்பத்துக்குப் பொதுவாக ஒரு பெரிய கல், அதைச் சுற்றி முழங்கால் உயரம்கூட இல்லாத சிறு கற்கள். ஒன்றில் "ஹென்றி" என்று மட்டும் இருக்கும். குடும்பப் பெயர் இல்லை, தேதி இல்லை, வாசகம் இல்லை. 1862 மே மாதம் 44 வயதில் காசநோயால் இறந்தார். முதலில் ஊரின் வேறொரு இடுகாட்டில் புதைத்து, பிறகு இங்கே மாற்றினார்கள். கல்லைச் சுற்றிப் பென்சில்கள் கிடக்கும். சிலர் மண்ணில் குத்தி வைத்திருப்பார்கள். எழுத்தாளர் என்பதற்காக மட்டும் அல்ல. தோரோ குடும்பத்தின் தொழிலே பென்சில் செய்வது. கிராஃபைட்டோடு களிமண் கலந்து நல்ல பென்சில் செய்யும் முறையை அப்பாவின் பட்டறையில் மேம்படுத்தியவர் ஹென்றி.

ஹாதார்னின் கல்லில் குடும்பப் பெயர் மட்டும். அவர் 1864இல் இறந்தபோது எமர்சன், கவிஞர்கள் லாங்ஃபெலோ, ஹோம்ஸ் எல்லோரும் ஊர்வலத்தில் வந்தார்கள். ஆனால் மனைவி சோபியா பிற்பாடு லண்டனில் இறந்து, மகள் ஊனாவோடு அங்கேயே கென்சல் கிரீனில் புதைக்கப்பட்டார். 2006இல் இருவரின் எச்சங்களையும் கான்கார்டுக்குக் கொண்டுவந்து ஹாதார்னுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். நூறு ஆண்டுக்கும் மேல் பிரிந்திருந்த தம்பதி.

லூயிசா மே ஆல்காட்டின் கல்லில் பெயரின் முதல் எழுத்துகள் மூன்றும் ஆண்டுகளும்தான். பக்கத்தில் ஒரு சிறிய அமெரிக்கக் கொடி நடப்பட்டிருக்கும். உள்நாட்டுப் போரில் ராணுவ மருத்துவமனையில் செவிலியாக வேலை பார்த்தவர் என்பதற்காக. அங்கே டைஃபாய்டு வந்து, பாதரச மருந்து கொடுத்து, அதன் பிறகு உடம்பு பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. 1888 மார்ச் 4ஆம் தேதி அப்பா போனார், 6ஆம் தேதி மகள் போனார்.

எழுத்தாளர்களைத் தவிர அங்கே யாரும் இல்லையா?

இருக்கிறார்கள். எனக்குப் பிடித்தவர் எஃப்ரம் புல். கடையில் ஊதா நிற திராட்சை ஜூஸ், திராட்சை ஜெல்லி வாங்கியிருப்பீர்களே, அந்தக் கான்கார்டு திராட்சையை உருவாக்கியவர். நியூ இங்கிலாந்துக் குளிரைத் தாங்கும் கொடி வேண்டும் என்று ஆயிரக்கணக்கான விதைகளை முளைக்கவைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது அது. கொடியை விற்றார், வாங்கிய நாற்றுப் பண்ணைக்காரர்கள் அதை வெட்டி வெட்டிப் பதியம் போட்டு விற்றுப் பணம் பார்த்தார்கள். செடிக்குக் காப்புரிமை கிடையாத காலம். 1895இல் ஏழையாகச் செத்தார். கல்லில் எழுதியிருப்பது: "இவர் விதைத்தார், மற்றவர்கள் அறுத்தார்கள்." கல்லில் குத்திக் காட்டுவது என்றால் இதுதான்.

அடுத்து டேனியல் செஸ்டர் ஃபிரெஞ்ச். வாஷிங்டனில் உட்கார்ந்திருக்கும் லிங்கன் சிலையை வடிவமைத்தவர். அவர் கல்லறையின் மேல் ஒரு சென்ட் காசுகளை வைத்துவிட்டுப் போகிறார்கள். லிங்கன் நினைவகம் அச்சடித்த பழைய காசு கிடைத்தால் இன்னும் விசேஷம். அவர் செய்த மெல்வின் சகோதரர்கள் நினைவுச் சின்னமும் இதே கல்லறையில் இருக்கிறது. உள்நாட்டுப் போரில் மூன்று அண்ணன் தம்பிகள் சாக, மிஞ்சிய நாலாவது ஆள் செய்யச் சொன்னது. கல்லிலிருந்து பாதி வெளியே வந்த ஒரு பெண் உருவம், தலைக்கு மேல் போர்வையைத் தூக்கிப் பிடித்திருக்கும். மேட்டுக்கு மட்டும் போய்விட்டுத் திரும்புபவர்கள் இதைத் தவறவிட்டுவிடுகிறார்கள்.

தலையில்லாத குதிரைக்காரன் கதை நடந்தது இந்த ஸ்லீப்பி ஹாலோவிலா?

இல்லை. அது நியூயார்க் மாநிலத்தில், ஹட்சன் ஆற்றங்கரையில் இருக்கும் ஸ்லீப்பி ஹாலோ. அங்கேயும் புகழ்பெற்ற கல்லறை ஒன்று உண்டு என்பதால் வரைபடச் செயலியில் ஊர்ப் பெயரையும் சேர்த்துத் தட்டுங்கள். இல்லாவிட்டால் மூன்று மணி நேரம் தெற்கே ஓட்டிக்கொண்டிருப்பீர்கள்.

இங்கே இருப்பவர்களுக்கும் நம் ஊருக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

தோரோவுக்கு உண்டு. எல்லோரும் சொல்வது காந்தி தொடர்பு: அடிமை முறையையும் மெக்சிகோ போரையும் ஆதரிக்கும் அரசுக்குத் தலைவரி கட்ட மாட்டேன் என்று 1846 ஜூலையில் தோரோ ஒரு ராத்திரி சிறையில் இருந்தார், அதைப் பற்றி எழுதிய கட்டுரையைத் தென்னாப்பிரிக்காவில் காந்தி படித்தார். அந்தச் சிறை கான்கார்டில் இருந்த மிடில்செக்ஸ் கவுண்டிச் சிறை என்பது கொசுறுத் தகவல்.

அதைவிடச் சுவையான தொடர்பு பனிக்கட்டி. 1846-47 குளிர்காலத்தில் வால்டன் குளத்தில் உறைந்த பனியை வெட்டி எடுக்க ஆட்கள் வந்து இறங்கினார்கள். ஃப்ரெடரிக் டியூடர் என்ற பாஸ்டன் வியாபாரி நியூ இங்கிலாந்துக் குளங்களின் பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றி வெப்ப நாடுகளுக்கு விற்றுவந்த காலம் அது. சென்னை மெரினாவில் ஐஸ் ஹவுஸ் எதற்காகக் கட்டினார்கள் என்று இப்போது புரிந்திருக்கும். 1842இல் டியூடரின் பனிக்கட்டியைச் சேமிக்க எழுந்த கட்டடம் அது. 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் தங்கியதால் இன்று விவேகானந்தர் இல்லம். பனி வெட்டியவர்களைப் பார்த்துக்கொண்டிருந்த தோரோ, கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ்காரர்கள் என் கிணற்றில் தண்ணீர் குடிக்கிறார்கள் என்று எழுதினார். காலையில் கீதை படிப்பவர் வேறு; வால்டன் தண்ணீர் கங்கையோடு கலக்கிறது என்றும் சேர்த்துக்கொண்டார். ஊரிலிருந்து வந்த திருவல்லிக்கேணிக்காரர் யாராவது கூட இருந்தால் இந்தக் கதையைக் கல்லறை முன்னால் நின்று சொல்லுங்கள், நல்ல வரவேற்பு இருக்கும்.

கான்கார்டில் வேறு பழைய கல்லறை உண்டா?

ஊர் நடுவே சதுக்கத்தை ஒட்டிய மேட்டில் ஓல்டு ஹில் இடுகாடு. அங்கே கட்டாயம் பார்க்க வேண்டியது ஜான் ஜாக்கின் கல். ஆப்பிரிக்காவில் பிறந்து, கான்கார்டில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் அடிமையாக இருந்து, உழைத்துச் சேர்த்த காசில் தன்னையே விலைக்கு வாங்கி விடுதலை பெற்று, கொஞ்சம் நிலமும் வாங்கியவர். 1773 மார்ச்சில் இறந்தார். அவருடைய உயிலைப் பார்த்துக்கொண்ட வழக்கறிஞர் டேனியல் பிளிஸ் எழுதிய நீண்ட வாசகம் கல்லில் இருக்கிறது. அதன் சாரம்: அடிமைத்தனம் நிலவிய நாட்டில் பிறந்தும் சுதந்திர மனிதனாகப் பிறந்தார், சுதந்திர நாட்டில் வாழ்ந்தும் அடிமையாக வாழ்ந்தார்.

தேதியைக் கவனியுங்கள். இரண்டே வருடத்தில், 1775 ஏப்ரல் 19இல், இதே ஊர்ப் பாலத்தில் சுதந்திரத்துக்காகச் சண்டை வெடிக்கப் போகிறது. பிளிஸ் பிரிட்டிஷ் அரசர் பக்கம் நின்றவர். ஊரை விட்டே ஓட வேண்டியதாயிற்று. ஆகவே அந்த வாசகத்தில் அடிமைக்காக இரங்கல் எவ்வளவு, சுதந்திரம் சுதந்திரம் என்று முழங்கிய அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்த குட்டு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

அந்தச் சண்டை நடந்த வடக்குப் பாலத்துக்கும் போய் வாருங்கள். அங்கே விழுந்த பிரிட்டிஷ் சிப்பாய்களைப் பாலத்துக்குப் பக்கத்திலேயே புதைத்திருக்கிறார்கள். மூவாயிரம் மைல் தாண்டி வந்து செத்தார்கள், கடலுக்கு அப்பால் தாய் அழுதது யாருக்கும் கேட்கவில்லை என்ற பொருளில் கவிதை வரிகள் அங்கே உண்டு. எழுதியவர் ஜேம்ஸ் ரஸ்ஸல் லோவெல். அவரைப் பார்க்க மவுண்ட் ஆபர்னுக்குப் போக வேண்டும்.

மவுண்ட் ஆபர்னில் யாரையெல்லாம் பார்க்கலாம்?

175 ஏக்கர். பெரும்பகுதி வாட்டர்டவுனில், கொஞ்சம் கேம்பிரிட்ஜில். எல்லோரையும் பார்ப்பது நடக்காத காரியம். வாசலில் வரைபடம் வாங்கிக்கொண்டு நாலைந்து பேரை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். என் பரிந்துரை இப்படி:

லாங்ஃபெலோவை எல்லோரும் பார்ப்பார்கள், நீங்களும் பாருங்கள். இருந்த காலத்தில் அமெரிக்காவிலேயே அதிகம் படிக்கப்பட்ட கவிஞர். மனைவி ஃபேனி 1861இல் உடையில் தீப்பிடித்து இறந்தார். அணைக்கப் போனதில் இவருக்கும் முகம் வெந்துபோய், சவரம் செய்ய முடியாமல் வளர்ந்ததுதான் படங்களில் காணும் அந்த வெண்தாடி.

டொரத்தியா டிக்ஸ் கல்லில் பெயரைத் தவிர ஒன்றும் இல்லை. தெரியாதவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். 1841இல் கிழக்குக் கேம்பிரிட்ஜ் சிறைக்கு ஞாயிற்றுக்கிழமை பாடம் நடத்தப் போனவர், மனநோயாளிகளைக் குற்றவாளிகளோடு சேர்த்து, குளிருக்கு நெருப்புகூட இல்லாத அறையில் பூட்டி வைத்திருப்பதைப் பார்த்தார். அதுவும் இந்தக் கவுண்டியின் சிறைதான். அடுத்த இரண்டு வருடம் மாநிலம் முழுதும் சிறைகளுக்கும் ஏழை விடுதிகளுக்கும் நேரில் போய்ப் பார்த்து, 1843இல் சட்டமன்றத்துக்கு மனு எழுதினார். மனநல மருத்துவமனைகள் மாநிலம் மாநிலமாக எழுந்ததற்கு அது தொடக்கம்.

சமையலில் ஆர்வம் உள்ளவர்களுக்கு ஃபேனி ஃபார்மர். ஒரு கப், ஒரு ஸ்பூன் என்றால் தலைதட்டி அளக்க வேண்டும் என்று 1896இல் சமையல் புத்தகம் போட்டு அமெரிக்க வீடுகளைப் பழக்கியவர். உப்பு எவ்வளவு என்று கேட்டால் "தேவையான அளவு" என்று பதில் வரும் வீட்டில் வளர்ந்தவர்கள் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வரலாம்.

பக்மின்ஸ்டர் ஃபுல்லர் கல்லில் "என்னை ட்ரிம்டாப் என்று கூப்பிடுங்கள்" என்றிருக்கும். ட்ரிம்டாப் என்பது கப்பலின் சுக்கானில் பொருத்தும் சின்னத் தகடு. அதை லேசாகத் திருப்பினால் சுக்கான் திரும்பும், சுக்கான் திரும்பினால் கப்பலே திரும்பும். தனி மனிதனும் அப்படித்தான் என்பது அவர் வாதம். முக்கோணங்களால் ஆன கோளக் கூரையைப் பரப்பியவர். அதே வடிவில் கார்பன் மூலக்கூறு கண்டுபிடிக்கப்பட்டபோது அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள். 1983இல் அவர் இறந்து, ஒன்றரை நாளில் மனைவியும் இறந்தார். அவருடைய பெரிய அத்தை முறையான எழுத்தாளர் மார்கரெட் ஃபுல்லருக்கும் இங்கே நினைவுக் கல் உண்டு, உடல் இல்லை. 1850இல் இத்தாலியிலிருந்து திரும்பும்போது கரைக்கு மிக அருகே கப்பல் உடைந்து மூழ்கிப்போனார். கிடைத்தது கைக்குழந்தையின் உடல் மட்டும். அதுதான் இங்கே இருக்கிறது.

லூயி அகாசிஸ் கல்லறையில் இருப்பது சுவிட்சர்லாந்தின் ஆர் பனியாற்றிலிருந்து வரவழைத்த ஒரு பாறை. உலகத்தில் பனியுகம் ஒன்று இருந்தது என்று நிலைநாட்டியவருக்குப் பொருத்தமான கல். ஆனால் மனித இனங்கள் தனித்தனியாகப் படைக்கப்பட்டவை என்று பேசி இனவாதத்துக்கு அறிவியல் முலாம் பூசியவரும் அவர்தான். இதையும் தெரிந்துகொண்டு போய் நில்லுங்கள். டார்வினைக் கடைசிவரை எதிர்த்தவர். டார்வினுக்காக அமெரிக்காவில் வாதாடிய ஏசா கிரேயும் இதே தோட்டத்தில்தான் இருக்கிறார்.

எட்வின் பூத் அந்தக் காலத்தின் பெரிய ஷேக்ஸ்பியர் நடிகர். லிங்கனைச் சுட்ட ஜான் வில்க்ஸ் பூத்தின் அண்ணன். இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர், 1990இல் 13 கலைப்பொருள்கள் திருட்டுப் போன பாஸ்டன் அருங்காட்சியகத்தை நிறுவியவர். ஓவியர் வின்ஸ்லோ ஹோமர், உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர், இன்னும் எத்தனையோ பேர். கால் வலித்தால் வாஷிங்டன் கோபுரத்தின் மேல் ஏறுங்கள். வலி கூடும்தான், ஆனால் பாஸ்டன் நகரம் முழுக்கத் தெரியும்.

மேரி பேக்கர் எடியின் சமாதிக்குள் தொலைபேசி இருக்கிறதாமே?

கிறிஸ்டியன் சயன்ஸ் பிரிவைத் தொடங்கியவர் அவர், 1910இல் இறந்தார். நினைவுச் சின்னம் கட்டி முடியும்வரை உடலைக் காவலில் வைத்திருந்தார்கள்; காவலாளிகளின் வசதிக்காகத் தொலைபேசி இணைப்பு கொடுத்திருந்தார்கள். அவ்வளவுதான். அவர் உயிர்த்தெழுந்தால் பேசுவதற்கு என்று பத்திரிகைகள் கதை கட்டிவிட்டன, நூறு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. தொலைபேசி இல்லாவிட்டாலும் குளக்கரையில் வட்டமாக நிற்கும் அந்த வெள்ளைத் தூண்கள் அழகு.

இத்தனை பேரில் ஒருவரை மட்டும் சொல்லுங்கள் என்றால்?

ஹாரியட் ஜேக்கப்ஸ். மவுண்ட் ஆபர்னிலேயே இருக்கிறார். வட கரோலினாவில் அடிமையாகப் பிறந்து, எஜமானனின் தொல்லை தாங்காமல் ஓடி, பாட்டி வீட்டுக் கூரைக்கடியில் ஒளிந்தார். ஒன்பது அடி நீளம், ஏழு அடி அகலம், மிக உயர்ந்த இடத்தில் மூன்று அடி. நிமிர்ந்து உட்காரக்கூட முடியாத அந்தப் பரணில் ஏழு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. பலகையில் துளை போட்டு, கீழே விளையாடும் சொந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளுக்கு அம்மா அங்கே இருப்பது தெரியாது. 1842இல் வடக்கே தப்பினார், 1861இல் தன் கதையைப் புனைபெயரில் வெளியிட்டார். போருக்குப் பிறகு கேம்பிரிட்ஜில் தங்கும் விடுதி நடத்தினார். ஹார்வர்டு ஆட்கள் அங்கே தங்கினார்கள். 1897இல் இறந்தார். ஒரு கறுப்பினப் பெண் தானே இப்படி எழுதியிருக்க முடியாது, வெள்ளைக்காரர் யாரோ எழுதியது என்று அறிஞர்கள் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1980களில்தான் கடிதங்களை வைத்து அவர் எழுதியதே என்று நிறுவினார்கள்.

தம்பியும் மகளும் பக்கத்திலேயே இருக்கிறார்கள். துன்பத்தில் பொறுமை காத்தவர் என்று பைபிள் வரி கல்லில் உண்டு. அந்தப் புத்தகத்தைத் திருத்திப் பதிப்பித்து முன்னுரை எழுதிய லிடியா மரியா சைல்டும் இதே கவுண்டியில், வேலண்ட் ஊரின் வடக்குக் கல்லறையில் இருக்கிறார். அங்கே பெரும்பாலும் உங்களைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள்.

ஜாக் கெரொவாக் எங்கே?

லோவெல் நகரின் எட்சன் கல்லறையில். அதே ஊரில் லோவெல் கல்லறை என்று வேறொன்று உண்டு, குழப்பிக்கொள்ளாதீர்கள். லோவெலில் பிறந்த நாவலாசிரியர், 1969இல் ஃபுளோரிடாவில் 47 வயதில் குடியால் செத்து, ஊருக்கே திரும்பி வந்தவர். தரையோடு பதித்த சின்னக் கல். பிரெஞ்சு பேசும் வீட்டில் கூப்பிட்ட செல்லப் பெயர் "டி ஜான்" அதில் இருக்கும், கூடவே வாழ்க்கையை மதித்தவர் என்ற வரி. பேனா, சிகரெட், பாதி குடித்த பாட்டில் எல்லாம் வைத்துவிட்டுப் போகிறார்கள். குடியால் செத்தவருக்குப் பாட்டில் வைப்பது எனக்கு ஒப்பவில்லை, ஆனால் அந்தப் பழக்கம் நிற்கப் போவதில்லை. 1975இல் பாப் டிலனும் ஆலன் கின்ஸ்பர்க்கும் இங்கே வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். 2014இல் பின்னால் பெரிய கல் ஒன்று வந்தது. சின்னதே போதுமாயிருந்தது.

பழைய கற்களில் இறக்கை வைத்த மண்டை ஓடு ஏன்?

மரணத்தை நினை என்பதற்காக. 17ஆம் நூற்றாண்டில் இங்கே குடியேறிய பியூரிட்டன் கிறிஸ்தவர்கள் சிலுவையையோ தேவதையையோ செதுக்க மாட்டார்கள். மண்டை ஓடும் இறக்கையும்தான். போகப்போக மண்டை ஓட்டுக்குக் கன்னம் வைத்து, குழந்தை முகமாகிறது. 1800ஐ ஒட்டி முகமும் போய், சாம்பல் கலசமும் தொங்கும் வில்லோ மரமும் வருகின்றன. ஜேம்ஸ் டீட்ஸ், எட்வின் டெத்லெஃப்சன் என்ற இரு தொல்லியலாளர்கள் 1960களில் இந்தப் பக்கத்து இடுகாடுகளை எண்ணிப் பார்த்து இந்த மாற்றத்தை வருடக் கணக்கோடு காட்டினார்கள். ஆகவே எழுத்து தேய்ந்துபோன கல்லானாலும் மேலே இருக்கும் உருவத்தை வைத்துக் காலத்தைச் சொல்லிவிடலாம். பிள்ளைகளுக்கு இது நல்ல விளையாட்டு. ஆனால் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுக்க விடாதீர்கள். பழைய ஸ்லேட் கல் அடுக்கடுக்காகப் பெயரும். பல ஊர்களில் அனுமதி இல்லாமல் செய்யக் கூடாது.

பால் ரெவியர், கென்னடி இவர்கள் எல்லாம்?

சுதந்திரப் போர்க்காலப் புள்ளிகளான பால் ரெவியரும் சாமுவேல் ஆடம்ஸும் ஜான் ஹான்காக்கும் பாஸ்டன் நகருக்குள் கிரானரி இடுகாட்டில். அது சஃபோக் கவுண்டி. கென்னடி இருப்பது வர்ஜினியாவின் ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில். மிடில்செக்ஸிலும் ஆர்லிங்டன் என்று ஒரு ஊர் இருப்பதால் இந்தக் கேள்வி வந்துகொண்டே இருக்கிறது.

விட்டுப்போனவர்கள் யார்?

மவுண்ட் ஆபர்னை ஒட்டிய கேம்பிரிட்ஜ் கல்லறையில் அண்ணன் தம்பிகளான உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ், நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸ். ஹென்றி இங்கிலாந்தில் இறந்து சாம்பலாக வந்து சேர்ந்தார். நேட்டிக்கில், செருப்புத் தைத்துப் பிழைத்து அமெரிக்கத் துணை அதிபராகி, பதவியில் இருக்கும்போதே 1875இல் இறந்த ஹென்றி வில்சன். ஃப்ராமிங்ஹாமில், பங்கர் ஹில் போரில் சண்டையிட்ட முன்னாள் அடிமை பீட்டர் சேலம். 1816இல் ஏழையாக இறந்தார், ஊரார் நினைவுக் கல் வைத்தது 1882இல். லெக்சிங்டன் பழைய இடுகாட்டில், அந்த ஊர்ப் படைக்குத் தலைமை தாங்கிய கேப்டன் ஜான் பார்க்கர், சுதந்திரப் போர் தொடங்கிய அதே 1775இல் காசநோயால் போனவர்.

போவதற்கு முன் என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?

எங்கும் கட்டணம் இல்லை. சூரியன் மறைந்த பிறகு உள்ளே இருக்கக் கூடாது. மவுண்ட் ஆபர்னுக்கு நாய், பிக்னிக் சாப்பாடு இரண்டும் ஆகாது. கட்டுசாதத்தைக் காரிலேயே விட்டுவிடுங்கள். ஹார்வர்டு சதுக்கத்திலிருந்து 71, 73 பேருந்துகள் வாசல் வழியாகவே போகும். சவ அடக்கம் நடந்துகொண்டிருந்தால் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போங்கள். மவுண்ட் ஆபர்ன், ஸ்லீப்பி ஹாலோ போன்ற இடங்களில் இன்றும் புதைக்கிறார்கள். மவுண்ட் ஆபர்னில் 1900 முதல் தகனமும் நடக்கிறது. கல்லின் மேல் கூழாங்கற்கள் அடுக்கியிருந்தால் தட்டிவிடாதீர்கள்: யூதர்களிடம் அது அஞ்சலி, மற்றவர்களும் பழகிக்கொண்டார்கள். நாமும் பூ வைக்கலாம். கற்பூரம், ஊதுவத்தி வேண்டாம்.

கோடையில் கான்கார்டு புல்வெளிக்குப் போகிறவர்கள் முழுக்கால் சட்டையும் காலுறையும் போட்டுக்கொள்ளுங்கள். மான் உண்ணி உண்டு, லைம் நோய் வரும். வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பு, காதின் பின்புறம் எல்லாம் பார்த்துவிடுங்கள். அக்டோபர் இரண்டாம் வாரம் இலை நிறம் மாறும்போது அழகுதான், ஆனால் எழுத்தாளர் மேட்டில் கார் நிறுத்த இடம் கிடைக்காது. காலை ஒன்பதுக்கு முன்பே போய்விடுங்கள். கான்கார்டையும் மவுண்ட் ஆபர்னையும் ஒரே நாளில் முடித்துவிடலாம். லோவெல் வடக்கே இன்னும் அரை மணி நேரம், அதைத் தனியாக வைத்துக்கொள்வது நல்லது.